திரைக்கு வெளியே போன பொத்தான்

நம் வயதுக்காரர்களுக்குக் கணினியோடு வரும் முதல் தகராறு எழுத்தின் அளவு. கண்ணாடியை மாற்றினாலும் தீராது. இரண்டாவது தகராறு கொஞ்சம் விசித்திரமானது. திரையில் ஒரு சன்னல் திறக்கிறது, கேள்வி கேட்கிறது, பதிலை நிரப்பிவிட்டு "தொடர்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஆனால் பொத்தானைக் காணோம். அது திரையின் கீழ் விளிம்புக்கும் கீழே எங்கோ போய் நிற்கிறது. இருக்கிறது, ஆனால் எட்டாது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் முதலிய இயங்குதளங்களை மெய்நிகர் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலோர் இந்தப் பொத்தானைத் தேடியவர்கள்தாம். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, நண்பர்களே. அந்த வரலாறு நம் திருவாரூர் மாவட்டத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சொற்கள். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இந்த விஷயத்துக்கு ஒரு வசதி உண்டு. காசு வாங்காமல் தருவது கிராத்துயி. கட்டுப்பாடு இல்லாதது லிப்ர். இரண்டும் வேறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்தான். அதனால் அவர்கள் முப்பது நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று வைத்தவர்கள் யாராயிருந்தாலும் சரியாக வைத்தார்கள். கணினிக்குப் பிரெஞ்சுப் பெயர் வந்த கதையும் சுவையானது. 1955-இல் பிரான்சில் ஐ.பி.எம். கம்பெனி தன் புதிய இயந்திரத்துக்கு நல்ல பெயர் கேட்டபோது, சோர்போனில் லத்தீன் பேராசிரியராக இருந்த ழாக் பெரே 'ஒர்தினத்தர்' என்ற பழைய சொல்லை எடுத்துக் கொடுத்தார். உலகத்தை ஒழுங்குபடுத்தி வைக்கிறவர் என்று கடவுளைக் குறித்து வழங்கிய சொல் அது. ஒரு பொத்தானைத் திரைக்குள் ஒழுங்காக வைக்கத் தெரியாத இயந்திரத்துக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன? நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் ஒண்டுக்குடித்தனம். ஒரு வீடு, ஒரு சமையலறை, ஒரு கிணறு. சொந்தக்காரர் முன்கட்டில் இருக்கிறார், குடித்தனக்காரர் பின்கட்டில் இருக்கிறார். குடித்தனக்காரருக்கோ முழு வீடும் தன்னுடையது என்ற நினைப்பு. அப்படி ஒரே கணினிக்குள் விண்டோஸ் சொந்தக்காரராக இருக்க, அதன் ஒரு சன்னலுக்குள் லினக்ஸ் முழுக் கணினி கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு ஓடும். பிடிக்காவிட்டால் அந்தச் சன்னலை மூடி, கோப்பை அழித்துவிடலாம். முன்கட்டில் ஒரு பாத்திரம்கூட நகராது. புதிதாக ஒன்றைப் பயமில்லாமல் பரீட்சித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இந்த யோசனை நம் இளமைக்காலத்தது. அமெரிக்காவில் ஐ.பி.எம்.மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் 1964-இல் தொடங்கி, 1967-இல் சிபி-40 என்ற அமைப்பை ஓடவைத்தார்கள். விலை உயர்ந்த ஒரே பெரிய இயந்திரத்தைப் பலர் ஆளுக்கொரு முழு இயந்திரம் போலப் பயன்படுத்தினார்கள். 1972-இல் அதுவே விஎம்/370 என்று விற்பனைக்கு வந்தது. அவர்களுக்குத் திரைப் பிரச்சினையே கிடையாது. ஏனென்றால் பலருக்குத் திரையே கிடையாது! தட்டச்சு இயந்திரம் மாதிரியான முனையத்தில் தட்டுவார்கள், பதிலும் காகிதத்தில் தட்டச்சாகி வரும். தட்டச்சு இயந்திரத்தோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு அந்தக் காலத்தவர்கள் மேல் ஒரு பொறாமை உண்டு.

திரை வந்தபோதுதான் கணக்கு வந்தது. இங்கேதான் விஷயம் ருசியாகிறது; கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1928-இல் ஐ.பி.எம். 80 பத்திகள் கொண்ட துளை அட்டையைக் கொண்டுவந்தது. ஒரு அட்டையில் 80 எழுத்துகள். பிறகு வந்த முனையங்களும் வரிக்கு 80 எழுத்து என்றே பழகிவிட்டன. ஒரு எழுத்துக்கு 8 புள்ளி அகலம். எண்பதை எட்டால் பெருக்கினால் 640. 1987 ஏப்ரலில் ஐ.பி.எம். தன் பிஎஸ்/2 கணினிகளோடு வி.ஜி.ஏ. என்ற திரை முறையை வெளியிட்டபோது அதன் அளவு 640 புள்ளி அகலம், 480 புள்ளி உயரம். 16 நிறம் காட்டினால் ஒரு புள்ளிக்கு நாலு பிட். மொத்தம் 1,53,600 பைட். அந்த அட்டையில் இருந்த 256 கிலோபைட் நினைவகத்தில் இது தாராளமாக அடங்கும். 800 × 600 என்றாலும் 2,40,000 பைட்தான், அதுவும் அடங்கும். ஆனால் 1024 × 768-ஐ 256 நிறத்தில் காட்டினால் 7,86,432 பைட் ஆகிவிடும். அதற்கு அட்டையில் ஒரு மெகாபைட் வேண்டும். ஆக, எத்தனை புள்ளி காட்டலாம் என்பதை அன்றைக்கு நினைவகத்தின் விலைதான் தீர்மானித்தது. 800 × 600 அளவுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழி வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டதால், 1989-இல் வெசா என்ற அமைப்பு உருவாகிப் பொது விதி போட்டது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும், வேறு எதுவுமே தெரியாத கணினி 640 × 480-க்குத்தான் போய் விழும். அதைவிட்டால் 800 × 600. மற்ற பாதைகள் அடைபட்டாலும் இது திறந்திருக்கும் என்று எல்லோரும் நம்புகிற அளவுகள் இவை.

சரி, ஒரு கணினிக்குத் தன் முன்னால் இருக்கும் திரையின் அளவு எப்படித் தெரிகிறது? 1994-இலிருந்து இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு திரையும் தன்னுடைய ஜாதகத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறது: 128 பைட் கொண்ட ஒரு சிறு குறிப்பு. யார் செய்தது, எந்த வருஷம் பிறந்தது, எத்தனை புள்ளி, வினாடிக்கு எத்தனை முறை மினுக்கும் எல்லாம் அதில் இருக்கும். இ.டி.ஐ.டி. என்று பெயர். கம்பியைச் செருகியவுடன் கணினி ஜாதகத்தை வாங்கிப் பார்த்துப் பொருத்தம் சொல்லிவிடும். அதற்கு முன்பு லினக்சில் எக்ஸ் என்ற திரை நிரலுக்கு எல்லாவற்றையும் நாமே ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். தப்பாக எழுதினால் திரையே கெட்டுப்போகலாம் என்று அதன் கையேட்டிலேயே எச்சரிக்கை இருந்தது. பழைய குழாய்த் திரைகளில் அது வெறும் பூச்சாண்டி இல்லை.

இப்போது ஒண்டுக்குடித்தனத்துக்கு வருவோம். பின்கட்டில் இருக்கும் லினக்ஸ் தன் திரையின் ஜாதகத்தைக் கேட்கிறது. யார் கொடுப்பது? அங்கே திரையே இல்லை. இருப்பது முன்கட்டுத் திரையில் ஒரு சன்னல். அதையும் நீங்கள் எலியைப் பிடித்து இழுத்து இஷ்டத்துக்குப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். இப்படி நிமிஷத்துக்கு ஒரு தரம் அளவு மாறும் திரை உலகத்தில் உண்டென்று ஜாதகம் எழுதியவர்கள் நினைக்கவில்லை. ஜாதகம் இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வோம்? பொதுவாக ஒன்றைச் சொல்லி வைப்போம். அந்தப் பொதுதான் 640 × 480.

இதற்கு மருந்தாக, மெய்நிகர் இயந்திரம் செய்பவர்கள் கூடுதல் நிரல்களைத் தனியாகக் கொடுத்தார்கள். பின்கட்டுக்காரர் அதை நிறுவிக்கொண்டால், முன்கட்டிலிருந்து "சன்னல் இப்போது இவ்வளவு பெரிது" என்று சேதி வரும், அவரும் தன் திரையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார். விஎம்வேர் 1999-இல் தன் முதல் பொருளை வெளியிட்டது. ஜெர்மனியின் இன்னோடெக் கம்பெனி 2007 ஜனவரியில் வர்ச்சுவல்பாக்ஸைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. 2008-இல் சன் கம்பெனி அதை வாங்கியது, 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. காசு இல்லாமல் வீட்டில் பரீட்சித்துப் பார்த்தவர்களில் மிகப் பலர் வர்ச்சுவல்பாக்ஸ் வழியாகத்தான் வந்தார்கள்.

என் பிரெஞ்சுப் பெருமையை இங்கே கொஞ்சம் பாடிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாக்ஸ் என்றொரு பழைய போலிக் கணினி நிரல் இருந்தது. அதை 2000-இல் பிரெஞ்சு லினக்ஸ் கம்பெனியான மாண்ட்ரேக்சாஃப்ட் விலைக்கு வாங்கி, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்துவிட்டது. 2003-இல் ஃபாப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர், கிரனோபிளில் பிறந்தவர், க்யூஎமு என்ற நிரலை வெளியிட்டார். வர்ச்சுவல்பாக்ஸின் ஆரம்பப் பதிப்புகளிலேயே அவர் நிரலின் பகுதி உண்டு. இன்றைக்கு உலகத்தின் பெரிய பெரிய கணினிக் கிடங்குகளில் ஓடும் மெய்நிகர் இயந்திரங்களில் கணிசமானவை அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் பெருமையோடு குறையையும் சொல்ல வேண்டும். க்யூஎமு, பின்கட்டுக்காரரிடம் "உனக்கு இருப்பது சிர்ரஸ் லாஜிக் அட்டை" என்று சொல்லும். அது 1990-களின் அட்டை. அதனால் பல லினக்ஸ்கள் 1024 × 768-க்கு மேல் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டன. 2014-இல்தான் அந்தப் பழைய அட்டையை முன்னிருப்பிலிருந்து எடுத்தார்கள்.

இனி நம் ஊர்.

தஞ்சை மாவட்டம் பிரிந்து, நாகை பிரிந்து, 1997-இல் திருவாரூர் தனி மாவட்டமானது நினைவிருக்கும். 1999 முதல் 2001 வரை இங்கே ஆட்சியராக இருந்தவர் சி. உமாசங்கர். தாலுகா அலுவலகங்களில் கணினி வைத்து, நில ஆவணங்களையும் சான்றிதழ்களையும் அதன் வழியே கொடுக்க முனைந்தவர்களில் அவர் முந்தியவர். அந்த நாளில் மின் ஆளுகை என்றால் திருவாரூரைப் போய்ப் பார் என்று சொல்வார்கள். நான் அப்போது காரைக்கால் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். நாங்கள் இன்னும் சிவப்பு நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்க, ஒரு கூப்பிடு தூரத்தில் தாலுகாவில் கணினியில் அச்சடித்துத் தருகிறார்களாமே என்று ஆச்சரியமாகப் பேசிக்கொள்வோம்.

அதே உமாசங்கர் பின்னால் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக ஆனபோது, 2007 வாக்கில், எல்காட்டின் மேசைக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசி லினக்சுக்கு மாற்றினார். அரசுக்காக வாங்கும் கணினிகளிலும் லினக்ஸ் இருக்கட்டும் என்று போராடினார். அதே 2007-இல்தான் சென்னை சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்சும் வெளிவந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவதற்காகச் செய்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதலில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. ஆக, கீழத்தஞ்சையின் கூரைவீட்டுத் திண்ணைகளில்கூட ஒரு கட்டற்ற இயங்குதளம் வந்து உட்கார்ந்தது. உலகத்தில் எத்தனை இடத்தில் இப்படி நடந்திருக்கும்?

உட்கார்ந்தது, ஆனால் நிலைக்கவில்லை. நான் கண்டவரை பிள்ளைகள் விண்டோஸ் பக்கம்தான் போனார்கள். கடையில் கொடுத்தால் முதல் வேலையாக லினக்ஸை அழித்து அந்த இடத்தை மீட்டுக் கொடுத்தார்கள். கேரளத்தில் அப்படி ஆகவில்லை. அங்கே பள்ளிக்கூடத் திட்டத்தில் ஆசிரியர்களையே பயிற்றி, தங்கள் பள்ளிகளின் கணினிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துக் கொடுத்தார்கள். நம்மிடம் பொருள் வந்தது, கூடவே வர வேண்டிய ஆள் வரவில்லை. இது என் அபிப்பிராயம்.

அந்த மடிக்கணினிகளில் ஒன்றில்தான் இந்தப் பொத்தான் விவகாரத்தை நான் கிட்டத்தில் பார்த்தேன். நன்னிலத்தில் என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். வாத்தியார் என்றே சொல்கிறேன். அவர் நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்தது வயல்களின் பெயர்கள். நம் பக்கத்தில் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு அல்லவா: புளியடிப் பங்கு, கோயில் நாலு மா, வண்ணான் குழி, பள்ளத்துக் கட்டளை என்று. சர்வே எண் வந்த பிறகு பெயர்கள் வாயில் மட்டும் இருந்தன. சாகுபடி செய்தவர்கள் வயதாகிப் போகப் போக அதுவும் தேய்ந்தது. வாத்தியார் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய், வயலின் பெயர், எத்தனை மா, எந்த வாய்க்காலில் பாசனம் என்று கோடுபோட்ட நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். மூன்று நோட்டு, எல்லாம் மசி பரந்து மஞ்சளாகிவிட்டது.

2014 கோடையில் அவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டுமென்று அவருக்கு அவசரம். கண்ணில் புரை வந்துகொண்டிருந்தது. பேத்தியிடம் அரசு கொடுத்த மடிக்கணினி இருந்தது. கல்லூரிப் பாடமெல்லாம் அதில். "தாத்தா, என் விண்டோஸைத் தொடாதீங்க, வேணும்னா தனியா ஒண்ணு உள்ள போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கணினியில் பாஸ் லினக்ஸ் எப்போதோ அழிக்கப்பட்டிருந்தது. தமிழிலேயே பட்டிகள் வர வேண்டும், தமிழ்99 விசைப்பலகை வேண்டும், காசு கொடுக்க முடியாது. ஆகவே மெய்நிகர் இயந்திரத்தில் ஒரு லினக்ஸ்.

நிறுவல் தொடங்கியது. சன்னல் 640 × 480-இல் வந்து நின்றது. மொழி தமிழ் என்று தேர்ந்தெடுத்தாயிற்று. மூன்றாவது பக்கத்தில் பொத்தான் போயே போய்விட்டது. நிறுவல் பக்கத்தை வரைந்தவர்கள் கொஞ்சம் பெரிய திரையை மனதில் வைத்துத்தான் வரைந்திருந்தார்கள். போதாக்குறைக்குத் தமிழ். ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடியும் வாக்கியம் தமிழில் இரண்டு வரிக்குப் போகும். இரண்டு வரி மூன்றாகும். ஒவ்வொரு வரியும் பொத்தானை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளும். எழுத்தும் அப்படி. ஆங்கில எழுத்து பத்துப் புள்ளி உயரத்தில் படிக்கும்படி இருக்கும். நம்முடைய ணூ, ஞீ எல்லாம் அந்த உயரத்தில் சுழி நிரம்பி ஒரு கரும்பொட்டாகிவிடும். புரை விழுந்த கண்ணுக்கு அது எழுத்தே இல்லை. குறைந்த திரை அளவு எல்லா மொழிக்கும் தொந்தரவுதான். தமிழுக்குக் கூடுதல் தொந்தரவு.

நம் ஊர் மதுவனேசுவரர் கோயில் மாடக்கோயில் என்பது தெரிந்ததே. போன பிறவியில் சிலந்தியாக இருந்து யானையோடு பகைத்த கோச்செங்கட் சோழன், யானை ஏற முடியாதபடி கட்டுமலை மேல் கட்டிய கோயில்களில் ஒன்று என்பார்கள். வாத்தியார் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, "சார், இதையும் கோச்செங்கணான்தான் கட்டியிருக்கான். நம்மள மாதிரி ஆளு ஏறக்கூடாதுன்னு" என்றார். நாலு நாள் முயற்சி செய்துவிட்டு மூடி வைத்துவிட்டார்.

அவர் மூடி வைத்ததில் எனக்கு வருத்தம் அதிகம். அந்த நிரலில் தமிழ் இருந்தது, விசைப்பலகை இருந்தது, எழுத்துருக்கள் இருந்தன. எத்தனையோ தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து மொழிபெயர்த்த பட்டிகள் இருந்தன. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையும் போட்டாயிற்று. எல்லாம் இருந்தும், நூறு புள்ளி கீழே நின்ற ஒரு பொத்தானால் மூன்று நோட்டும் பீரோவுக்குத் திரும்பிப் போயின. லினக்ஸ் ஏன் நம் வீடுகளில் நிற்கவில்லை என்று பெரிய காரணங்கள் சொல்வார்கள்: கம்பெனிகளின் செல்வாக்கு, பாடத்திட்டம், விளையாட்டுகள். அவையும் உண்மைதான். ஆனால் பரீட்சித்துப் பார்க்க வந்தவர் முதல் அரைமணியில் எதைக் கண்டு திரும்பிப் போனார் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் இருந்தவனுக்குத் தெரியும்: மனு தள்ளுபடியாவதைவிட, மனுவைப் போடும் சன்னலே எட்டாமல் திரும்பிப் போகிறவர்கள் அதிகம்.

தீர்வு என்னவோ ஒரு விரல் வேலை. திருச்சியில் பொறியியல் படித்த என் உறவுப் பையன் விடுமுறைக்கு வந்தபோது செய்து காட்டினான். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, சன்னலின் நடுவில் எங்கு வேண்டுமானாலும் எலியால் பிடித்து மேலே இழுக்க வேண்டும். சன்னலின் தலை திரைக்கு மேலே போகும், கால் தெரியும். பொத்தான் அங்கே நின்றுகொண்டிருந்தது. நிறுவி முடித்ததும், நான் மேலே சொன்ன கூடுதல் நிரலைப் போட வேண்டும். அது சும்மா வராது. பின்கட்டு லினக்ஸின் கருவோடு ஒட்டிக் கட்டப்பட வேண்டியது. அதற்கான தொகுப்பி, கருவின் தலைப்புக் கோப்புகள் எல்லாம் முன்பே இருக்க வேண்டும். இணையம் அப்போது நன்னிலத்தில் டாங்கிளில் வந்துகொண்டிருந்தது. அந்த வேகம் உங்களுக்கே தெரியும். ஒரு ராத்திரி ஆயிற்று. காட்சி நினைவகத்தையும் அமைப்பில் கூட்டிக் கொடுத்தான்.

விடிந்ததும் சன்னலைப் பெரிதாக்கினால் உள்ளேயும் பெரிதானது. ஆனாலும் திரையின் ஓரத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. முழுத்திரை ஆக்கினாலும் போகவில்லை. இதற்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அந்நாளைய மடிக்கணினித் திரைகள் பெரும்பாலும் 1366 × 768. உயரத்தை 768 என்று வைத்து, 16-க்கு 9 என்ற விகிதத்தில் அகலம் போட்டால் 1365.33 வரும், அதை 1366 என்று முழுமையாக்கினார்கள். ஆனால் 1366 எட்டால் வகுபடாது. பழைய திரை முறைகளோ அகலத்தை எட்டெட்டாகத்தான் எண்ணும். 170 எட்டு 1360. 171 எட்டு 1368. ஒன்று ஆறு புள்ளி குறையும், அல்லது இரண்டு புள்ளி வெளியே போகும். திரையின் ஜாதகத்தில்கூட வழக்கமான அளவுகளைக் குறிக்கும் கட்டத்தில் எட்டின் மடங்கைத்தான் எழுத முடியும். 1366-ஐ அங்கே எழுதவே முடியாது என்பதால் லினக்ஸ் கருவிலேயே இதற்கென்று ஒரு ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள். 1928-இன் துளை அட்டை, 2014-இல் நன்னிலத்தில் ஒரு வாத்தியாரின் திரை ஓரத்தில் கறுப்புக் கோடாக நின்றது. கணக்குப் பிள்ளைகள் போட்ட கோடு லேசில் அழியாது.

வாத்தியார் கறுப்புக் கோட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. எழுத்தை 18 புள்ளியில் வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினார். மா, காணி, முந்திரி ஆகியவற்றின் பழைய குறியீடுகளைப் போட வேண்டுமென்று ஆசைப்பட்டார். அப்போது ஒருங்குறியில் அவற்றுக்கு இடம் இல்லை. (2019-இல்தான் ஒருங்குறி 12-ஆம் பதிப்பில் தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் சேர்ந்தன.) ஆகவே 'நாலு மா', 'அரைக்காணி' என்று எழுத்தால் எழுதினார். இடையில் ஒருமுறை லினக்ஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. கரு மாறியதும் கூடுதல் நிரல் ஒட்டாமல் போய், மறுநாள் காலை திரை மறுபடியும் சுருங்கிப் போயிற்று. கருவின் ஒவ்வொரு மாற்றத்தோடும் தானே மறுபடி கட்டிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு, டி.கே.எம்.எஸ். என்பார்கள். பையன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நாங்கள் இருவரும் கட்டளைகளைத் தட்டி அதையும் போட்டோம். ஒருவர் படிக்க, ஒருவர் தட்ட. அலுவலகத்தில் ஒப்பு நோக்குவது மாதிரி.

இரண்டரை நோட்டு முடித்தார். மூன்றாவதின் பாதியில் கண் அறுவை சிகிச்சை வந்தது, பிறகு உடம்பும் சரியில்லாமல் போய், 2017 தையில் காலமானார். மீதிப் பாதியைப் பேத்தி தட்டினாள். அவளுக்கு அந்தக் கையெழுத்தைப் படிக்க நான் கொஞ்சம் உதவினேன். சில பெயர்கள் இன்னும் புரியவில்லை. 'சொ' என்று தொடங்கி மசி கரைந்த ஒரு பெயர், பூந்தோட்டம் பக்கத்து வயல். அதை அறிந்தவர் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்.

இப்போது இந்தப் பிரச்சினை எப்படி இருக்கிறது? பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். ஹான்ஸ் டி கோய்டே என்ற நிரலாளர் முன்னின்று, வர்ச்சுவல்பாக்ஸுக்கு வேண்டிய திரை நிரலை 2017-இல் லினக்ஸ் கருவுக்குள்ளேயே சேர்த்தார்கள். மற்றப் பகுதிகள் 2018-இலிருந்து தொடர்ந்தன. ஜாதகத்தைத் தனியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், பிறக்கும்போதே கையில் இருக்கிறது. 2018 டிசம்பரில் வந்த வர்ச்சுவல்பாக்ஸ் 6.0, லினக்ஸ் விருந்தாளிகளுக்கு விஎம்வேர் மாதிரியான ஒரு திரை அட்டையை முன்னிருப்பாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆகவே இப்போது புதிதாகப் போடுபவர்களுக்கு முதல் திரையிலேயே பொத்தான் தெரியும். தெரியாவிட்டால் ஆல்ட் விசை இருக்கிறது. பழைய இயந்திரத்தில் பழைய பதிப்பு ஓட்டுபவர்கள் அமைப்புகளில் 'காட்சி' என்ற பக்கத்தில் நினைவகத்தை 128 மெகாபைட்டுக்கு உயர்த்திவிட்டுப் பாருங்கள். முழுத்திரைக்கு வலப்பக்கக் கண்ட்ரோல் விசையோடு எஃப்.

புதிதாக வந்திருப்பது நேர் எதிரான தொல்லை. போன மாதம் என் மகன் வீட்டில் ஒரு புதுத் திரை பார்த்தேன், 3840 × 2160. அதில் பழைய லினக்ஸ் ஒன்றை மெய்நிகர் இயந்திரத்தில் திறந்தால், பொத்தான் எல்லாம் திரைக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் சன்னல் தீப்பெட்டி அளவு, எழுத்து எறும்பு அளவு. 'அளவீட்டுக் காரணி' என்ற இடத்தில் 200 சதவீதம் என்று கொடுத்தால் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.